விண்வெளிக் கதையும் சுவைஞர் உரிமையும்

ஒரு கதையைப் படைப்பவர் ஒருவர். அதைக் கேட்டு மகிழ்வோர் பல்லாயிரவர். படைத்தவர் தம் கதையைப் பிற்காலத்தில் மாற்ற விரும்பினால், மகிழ்ந்தவர்கள் அதைத் தடுக்கலாமா? மாற்றிய பின், பழைய கதையைத் திருப்பித் தருமாறு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? இவை வெறும் சொற்போருக்கு உரிய வினாக்கள் அல்ல. அமெரிக்க நாட்டுத் திரைப்பட வரிசை ஒன்றை முன்னிட்டுப் பல ஆண்டுகளாக இவ்வினாக்கள் உண்மையாகவே எழுந்து வருகின்றன. 'ஸ்டார் வார்ஸ்' என்பது அவ்வரிசையின் பெயர். விண்மீன்களிடையே நிகழும் போர்கள் என்பது அதன் பொருள். அப்படங்களைப் பற்றிச் சுவைஞர்கள் கொண்ட கருத்துகளையும், அவற்றால் விளைந்த நன்மை தீமைகளையும் மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வரிசையின் முதற்படம் 1977ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் ஜார்ஜ் லூக்காஸ். ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படத்தைத் தொடக்க நாளில் திரையிட்ட அரங்குகள் நாற்பதுக்கும் குறைவு. எனினும் மக்கள் தெருவில் வரிசையாய் நின்று பார்த்தனர். அதற்கு முன் வந்த படங்களின் வசூலையெல்லாம் அது விஞ்சியது. கதையோ மிக எளியது. பாலைநில உலகொன்றில் உழவுத்தொழில் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த லூக் என்னும் இளைஞன், ஒரு முதிய வீரரின் வழிகாட்டலால், கொடிய பேரரசை எதிர்த்துப் போரிடுகிறான். விண்கலங்கள் வருகின்றன, ஆயினும் இது அறிவியல் கதையன்று. வாளும் மாயமும் இளவரசியும் நிறைந்த பழங்கதையே விண்வெளி உடை உடுத்து வந்தது எனலாம். 1930களில் வந்த 'ஃப்ளாஷ் கார்டன்' தொடர்படங்களும், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 1958ஆம் ஆண்டுப் படமாகிய 'மறைந்த கோட்டை'யும் தமக்குத் துணை நின்றதை லூக்காஸே ஒப்புக்கொண்டுள்ளார்.

இப்படத்தைப் பார்த்தோர் இதைத் தம்முடையதாகவே கருதத் தொடங்கியது எவ்வாறு? காரணம் படங்களுக்கு இடையே இருந்த இடைவெளி. இரண்டாம் படம் 1980இல் வந்தது. அதன் முடிவில், கொடியவனாகிய டார்த் வேடர் தானே லூக்கின் தந்தை என்று கூறினான். அது மெய்யா, பகைவனை மயக்கும் பொய்யா? விடையறிய 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மூன்று ஆண்டுகளும் பள்ளிகளிலும் வீடுகளிலும் இதே வாதம். சிறுவர்கள் பொம்மைகளை வைத்துக்கொண்டு அடுத்த கதையைத் தாமே நடத்தினர். 1983க்குப் பின் பதினாறு ஆண்டுகள் திரையரங்கிற்குப் புதிய படமே இல்லை. அக்காலத்தை நாவல்கள் நிரப்பின. 1991இல் டிமோதி சான் எழுதிய நாவல் விற்பனையில் முதலிடம் பெற்றது. இவ்வாறு, படைத்தவர் மௌனமாய் இருந்த காலத்தில் கதையை உயிரோடு காத்தவர்கள் சுவைஞர்களே. காத்தவருக்கு உரிமையுணர்வு தோன்றுதல் இயல்பன்றோ?

அவ்வுரிமையுணர்வுக்கு முதற் சோதனை 1997இல் வந்தது. முதற்படத்தின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, லூக்காஸ் மூன்று பழைய படங்களையும் புதிய கணிப்பொறி நுட்பத்தால் திருத்தி மீண்டும் திரையிட்டார். திருத்தங்கள் பல, பெரும்பூசல் விளைத்ததோ சில நொடிக் காட்சி ஒன்று. ஹான் சோலோ என்பவன் கள்ளக்கடத்தல் செய்யும் கலமோட்டி. மதுக்கடை ஒன்றில் க்ரீடோ என்னும் கூலியாள் அவனைத் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறான். 1977இல் வந்த படத்தில், ஹான் மேசைக்கடியில் மெல்லத் துப்பாக்கியை உருவிச் சுட்டு வீழ்த்துகிறான். 1997இல் வந்த படத்திலோ, க்ரீடோ முதலிற் சுட்டுக் குறி தவறுகிறான். பின்னரே ஹான் சுடுகிறான்.

இதில் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். சுவைஞர்கள் கூறிய விடை இதுதான்: ஹான் தொடக்கத்தில் தன்னலம் ஒன்றே கருதுபவன்; முடிவில் நண்பர்களுக்காக உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வருபவன். அம்மாற்றமே அவன் கதை. தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால், அவன் கடந்து வந்த தொலைவு குறைந்துவிடும். லூக்காஸ் கூறிய விடையோ வேறு: பின்னாளில் இளவரசி லேயாவை மணக்கவிருக்கும் ஒருவன் ஈவிரக்கமற்ற கொலைஞனாகத் தோன்றலாகாது என்றார். இரு விடைகளும் சிந்தனைக்குரியவை. ஒரு பாத்திரத்தின் குணம் எவ்வளவு சிறிய செயலில் அடங்கியிருக்கிறது என்பதை இவ்விவாதம் விளக்கியது போல இலக்கணப் பாடம் எதுவும் விளக்கியிராது.

ஆயினும் பூசலின் வேர் இதனினும் ஆழமானது. ஓவியன் தன் ஓவியத்தைத் திருத்தலாம். நூலாசிரியன் மறுபதிப்பில் வரிகளை மாற்றலாம். ஆகவே, தம் படத்தைத் திருத்த லூக்காஸுக்கு உரிமை இல்லை என்று சொல்வது கடினம். பணமும் நுட்பமும் போதாமையால் 1977இல் தாம் எண்ணியவாறு எடுக்க இயலவில்லை என்பது அவர் வாதம். ஆனால் நூலின் மறுபதிப்பு வந்தாலும் முதற்பதிப்பு நூலகத்தில் இருக்கும். இங்கோ, 1997க்குப் பின் திருத்திய வடிவமே எங்கும் கிடைத்தது. 2006இல் பழைய வடிவம் குறுந்தட்டில் ஓர் இணைப்பாக வந்தது. அதுவும் தரத்தில் குறைந்ததாக இருந்தது. சுவைஞர்களின் கோரிக்கை, 'திருத்தாதீர்' என்பதன்று. 'பழையதை அழியவிடாதீர்' என்பதே.

இக்கோரிக்கைக்குச் சிறந்த சான்றுரை வழங்கியவர் யார் தெரியுமா? லூக்காஸே! 1988ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறுவனங்கள் வண்ணம் பூசி விற்பதை எதிர்த்து, அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். ஆதாயத்திற்காகக் கலைப்படைப்புகளைச் சிதைப்போரைக் கடிந்துரைத்தார். மூலப்படச்சுருள்கள் மறைந்து மாற்றிய சுருள்கள் அவற்றின் இடத்தைப் பிடிக்கும் காலம் வரலாம் என்று எச்சரித்தார். பொதுமக்களின் நலனே முடிவில் மேம்பட்டது என்றும் கூறினார். படைத்தவரின் இசைவின்றிப் பிறர் செய்யும் மாற்றத்தையே அவர் முதன்மையாக எதிர்த்தார் என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் அவர் சொன்ன காரணங்கள் படைத்தவர் தாமே செய்யும் மாற்றத்திற்கும் பொருந்துமன்றோ என்று சுவைஞர்கள் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர்களுட் சிலர் பழைய பிரதிகளைத் தேடிச் சேர்த்து, படம் படமாகத் துடைத்துச் செப்பனிட்டு, 1977ஆம் ஆண்டு வடிவத்தைத் தம் சொந்த உழைப்பால் மீட்க முயன்றனர். அதற்குச் சட்டத்தின் இசைவு அவர்களிடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 சூன் மாதம் இலண்டன் மாநகரில், பிரித்தானியத் திரைப்படக் கழகம் நடத்திய விழாவில், முதல் வெளியீட்டுக் காலத்துப் படச்சுருளே பொதுமக்கள் முன் ஓடியது. நெடுநாள் காத்திருந்தோர் எத்துணை மகிழ்ந்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதுவரை கூறியது சுவைஞர் கருத்தின் ஒளி மிக்க பக்கம். இருண்ட பக்கமும் உண்டு. பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1999இல் 'தி ஃபான்டம் மெனஸ்' என்னும் படம் வந்தது. முன்கதை கூறும் அப்படம் பலருக்கு ஏமாற்றம் அளித்தது. குறிப்பாக, ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் நகைச்சுவைப் பாத்திரத்தை அவர்கள் வெறுத்தனர். பாத்திரத்தை வெறுத்தல் குற்றமன்று. ஆனால் அவ்வெறுப்பு நடிகராகிய அகமது பெஸ்ட் மீது பாய்ந்தது. உயிரையே விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவிற்கு அது தம்மை வாட்டியதாக, பல ஆண்டுகள் கழித்து 2018இல் அவர் வெளிப்படுத்தினார். அதே படத்தில் சிறுவனாக நடித்த ஜேக் லாய்டு என்னும் பத்து வயதுப் பிள்ளையும் ஏளனத்திற்கு ஆளானார்.

2012இல் டிஸ்னி நிறுவனம் 405 கோடி டாலருக்கு இவ்வுலகை விலைக்கு வாங்கியது. 2014இல், முன்னர் வந்த நாவல்களின் நிகழ்ச்சிகள் இனி மெய்க்கதையில் சேரா என்று அறிவிக்கப்பட்டது. அந்நாவல்களைக் கற்று வளர்ந்தோர் வருந்தினர். 2015இல் வந்த புதுப்படத்தை, 1977ஆம் ஆண்டுக் கதையையே திரும்பச் சொல்கிறது என்று சிலர் குறை கூறினர். 2017இல் ரியான் ஜான்சன் இயக்கிய 'தி லாஸ்ட் ஜெடை' வந்தபோது, பழைய வழியினின்று விலகிவிட்டது என்று சிலர் குறை கூறினர். பழையதும் கூடாது, புதியதும் கூடாது என்றால் எதைத்தான் தருவது என்று நகைக்கத் தோன்றும். ஆனால் முதலிற் குறை கூறியோரும் பின்னர்க் குறை கூறியோரும் ஒருவரே அல்லர். 'சுவைஞர்' என்பது ஒரே வாயால் பேசும் ஓர் உருவமன்று என்பதை இதனால் அறிகிறோம்.

2017ஆம் ஆண்டுப் படத்தில், லூக் நம்பிக்கை இழந்த முதியவராய்த் தீவொன்றில் ஒதுங்கி வாழ்கிறார். கொடிய தந்தையிடமும் நன்மை உண்டென நம்பிய வீரன் இவ்வாறு தளர்வானா என்று ஒரு சாரார் கொதித்தனர். தோல்வியால் தளர்ந்தவரும் மீண்டு எழுவதே உண்மையான வீரம் என்று மற்றொரு சாரார் பாராட்டினர். இரண்டும் மதிக்கத்தக்க கருத்துகளே. ஆனால் இம்முறை இணையம் இடையே இருந்தது. கருத்து, கணப்பொழுதில் உரியவரின் கைப்பேசியிலேயே சென்று விழுந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், அவ்வியக்குநரை நோக்கி எழுதிய 967 கணக்குகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் முடிவு வெளியிட்டார். படத்தைக் குறைகூறியவை ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல்தான். அவற்றுள்ளும் பாதிக்கு மேற்பட்டவை அரசியல் நோக்குடையவை, கலகமூட்டுபவை, அல்லது மனிதர் எழுதாமல் பொறி எழுதியவையாகத் தோன்றின. உரத்த குரலெல்லாம் பெரும்பான்மையோர் குரலன்று என்பதற்கு இது நல்ல சான்று.

சிறு குரலாயினும் நஞ்சு நஞ்சே. அப்படத்தில் ரோஸ் என்னும் பாத்திரமாக நடித்தவர் கெல்லி மேரி டிரான்; வியட்நாமிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பெற்றோரின் மகள். அவருடைய இனத்தையும் தோற்றத்தையும் இழித்து எழுதப்பட்ட வசைகளைத் தாங்காது, அவர் 2018இல் தம் இணையப் பதிவுகளை நீக்கினார். பின்னர் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், அச்சொற்களைக் காட்டிலும், அவற்றைத் தாமே நம்பத் தொடங்கியதுதான் தம்மை வருத்தியது என்றார். கதையில் ஒரு திருப்பம் பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் இளம்பெண் தன் தகுதியையே ஐயுறும் நிலைக்கு ஆளானாள் என்றால், அதனைக் கலையன்பு என்று அழைக்க முடியுமா?

காலம் செல்லச் செல்லக் கருத்துகள் எவ்வாறு மாறின என்பதையும் பார்ப்போம். 1980இல் இரண்டாம் படம் வந்தபோது விமர்சகர்கள் பலர் அதை முழுமனத்துடன் ஏற்கவில்லை. பிற்காலத்திலோ வரிசையிலேயே சிறந்தது அதுவே என்று மிகப் பலர் கொண்டாடினர். 1999ஆம் ஆண்டுப் படத்தை முதியோர் இகழ்ந்தபோது, அதைக் கண்ட சிறுவர்கள் உள்ளத்தில் அது இனித்தது. அச்சிறுவர்கள் வளர்ந்தனர், அவர்கள் குரலும் மன்றத்தில் ஏறியது. 2019ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நடந்த சுவைஞர் பெருவிழாவில், அகமது பெஸ்டும் கெல்லி மேரி டிரானும் மேடையேறியபோது, மக்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தனர். 2023இல் 'தி மாண்டலோரியன்' தொடரில் பெஸ்ட், ஒரு குழந்தையைக் காக்கும் வீரராகத் தோன்றியபோது மகிழ்ந்தோர் பலர். கருத்து மாறிவிடும், ஆனால் இடையில் ஒருவர் பட்ட துன்பத்தை எந்த ஆரவாரமும் துடைத்துவிடாது.

ஆகவே, கதை யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு நாம் சொல்லக்கூடிய விடை இது: அதை மாற்றும் உரிமை படைத்தவருக்கு உண்டு, அது முதலில் எவ்வாறு இருந்தது என்பதை அறியும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு, அதைப் போற்றவும் தூற்றவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அதில் நடித்தவரையும் உழைத்தவரையும் வதைக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை. பழைய படச்சுருளைக் காக்கப் போராடியவர்களும், நடிகையை வசைபாடியவர்களும் தம்மைச் சுவைஞர் என்றே அழைத்துக்கொண்டனர். பெயர் ஒன்றாயினும் செயல் வேறு. 1997இல் தோன்றிய '501ஆம் படையணி' என்னும் சுவைஞர் கழகத்தார், படத்தில் வரும் பேரரசின் வீரர்களைப் போல் உடையணிந்து மருத்துவமனைகளுக்குச் சென்று நோயுற்ற குழந்தைகளை மகிழ்விக்கின்றனர். அறப்பணிகளுக்குப் பொருள் திரட்டுகின்றனர். கதையில் கொடியவர்கள் அணியும் உடை அது!

மாணவர்களே, உங்களுக்கும் விருப்பமான கதைகள் இருக்கும். அவை உங்கள் எண்ணத்திற்கு மாறாக வளர்வதும் உண்டு. அப்போது உங்கள் கருத்தைத் துணிவோடு சொல்லுங்கள். ஹான் சோலோவைப் பற்றி வாதிட்டோர் காட்டியது போல், காரணத்தோடு சொல்லுங்கள். எழுதி முடித்த பின், அதை அனுப்புமுன், அது படைப்பைப் பற்றியதா, படைப்பில் பங்கு கொண்ட ஒருவரின் பிறப்பையும் உருவத்தையும் பற்றியதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டாவதாயின், அதை அனுப்ப வேண்டா.