பாரியின் கழுத்தில் பீப்பா இருந்ததா?

பேர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு நாய் இருக்கிறது. உயிரோடு அல்ல, பாடம்பண்ணிய உடலாக. பெயர் பாரி. இறந்தது 1814இல். இன்றும் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிவந்து அவனைக் காட்டுகிறார்கள். (அவன் என்றே எழுதுகிறோம். வீட்டில் நாய் வளர்க்கிறவர்களுக்கு இது பிழையாகத் தெரியாது.) பேர்ன் வட்டாரப் பேச்சில் அந்தப் பெயருக்குச் சிறு கரடி என்று பொருள். எங்களுக்கோ தமிழில் எழுதியவுடன் முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல்தான் நினைவுக்கு வருகிறார்.

லா ஷோ-து-ஃபோனில் இருக்கும் எங்களுக்குப் பனியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஊர் ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. வலே மாநிலத்தையும் இத்தாலியையும் இணைக்கும் பெரிய புனித பெர்னார்ட் கணவாய் 2,400 மீற்றருக்கும் மேலே. அங்கே 11ஆம் நூற்றாண்டில் மெந்தோனின் புனித பெர்னார்ட் ஒரு விடுதியை நிறுவினார். கணவாயைக் கடப்பவர் எவரானாலும் உணவும் படுக்கையும் உண்டு. துறவிகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே நாய்கள் வளர்த்தார்கள். முதலில் காவலுக்கு, பிறகுதான் அவற்றின் மூக்கின் அருமை தெரிந்தது. மூடுபனியில் பாதை மறைந்தாலும் நாய் முன்னே நடந்தது. பனிக்குள் புதைந்த மனிதரை மோப்பம் பிடித்துத் தோண்டியது.

பாரி பிறந்தது 1800இல். அதே ஆண்டு மே மாதம் நெப்போலியன் சுமார் 40,000 படைவீரரோடு அந்தக் கணவாயைக் கடந்தார். பாரி அங்கே பணிசெய்த காலத்தில் 40க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினான் என்று சொல்லப்படுகிறது. 1812இல் அவனுக்கு வயதாகிவிட்டது. விடுதியின் தலைவர் அவனை அந்தக் குளிரில் வைத்திருக்க விரும்பவில்லை. ஒரு துறவியிடம் கொடுத்து பேர்னுக்கு அனுப்பினார். அங்கே இரண்டு வருடம் ஓய்வாக வாழ்ந்து இறந்தான்.

கதை கேட்க வந்தவர்களுக்கு இது போதவில்லை போலும். 41ஆவது ஆளைக் காப்பாற்றப் போனபோது, அந்தப் படைவீரன் ஓநாய் என்று நினைத்து அவனைக் குத்திக் கொன்றுவிட்டான் என்று ஒரு கதை பிறந்தது. பாரிசுக்கு அருகே அஸ்னியேர் என்ற இடத்தில், 1899இல் திறந்த நாய்களின் கல்லறைத் தோட்டத்தில், பாரிக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் உண்டு. அதிலும் இதையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொய்தான். எங்களுக்கு அது பிடிக்கவும் இல்லை. உழைத்துக் களைத்த ஒரு நாயை மலையிலிருந்து இறக்கிச் சூடான இடத்தில் சேர்த்த அந்தத் தலைவரை இந்தக் கதை மறைத்துவிடுகிறது.

கழுத்தில் தொங்கும் சாராயப் பீப்பாவும் அப்படித்தான். 1820இல், இருபது வயதைக்கூட எட்டாத லண்டன் ஓவியர் எட்வின் லான்ட்சீயர் தன் ஓவியத்தில் அதை வரைந்தார். அதன்பின் உலகமே பீப்பாவைத் தேடியது. 1923இல் பாரியின் தோல் இற்றுப் பல துண்டுகளாகிவிட, கேயோர்க் ருப்ரெக்ட் என்பவர் உடலைத் திரும்பவும் அமைத்தார். அப்போது பீப்பாவும் கழுத்துக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. தலையைச் சற்றுப் பெரிதாக்கி நிமிர்த்தி, நெற்றியையும் எடுப்பாக்கினார்கள். அந்தக் காலத்துக் கண்காட்சி நாய்களின் சாயல் வரவேண்டுமாம்! இறந்து நூறு வருடத்துக்கு மேலான நாயை அதன் பேரப்பிள்ளைகளைப்போல மாற்றிவிட்டார்கள். 1978இல் அருங்காட்சியக இயக்குநர் வால்ட்டர் ஹூபர் பீப்பாவைக் கழற்றினார். பிறகு அது மறுபடியும் ஏறிவிட்டது.

அந்தக் கண்காட்சி நாய்கள் எப்படி வந்தன? 19ஆம் நூற்றாண்டில் பேர்ன் அருகே ஹைன்ரிக் ஷூமாகர் இந்த நாய்களை வம்சாவளி எழுதிவைத்து வளர்க்கத் தொடங்கினார். 1884இல் திறந்த சுவிஸ் வம்சாவளிப் பதிவேட்டில் முதற்பெயரே லெயோன் என்ற புனித பெர்னார்ட் நாயினுடையது. 1887இல் சூரிச்சில் இனத்தின் இலட்சணங்களை வரையறுத்தார்கள். அதன்பின் மேடையில் நிற்கும் அழகுக்காக எடை ஏறியது. பாரி 40, 45 கிலோ இருந்திருப்பான் என்கிறார்கள். இன்றைய ஆண் நாய் ஏறக்குறைய அதில் இருமடங்கு. நீண்ட முடி வந்ததும் ஒரு கலப்பால்தான். அந்த முடியில் பனி கட்டியாக ஒட்டியதால் மலைக்கு உதவவில்லை. தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாய்க்கும் இதே கதைதான். 2005இல் இந்தியத் தபால்தலையில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் முழு வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன.

நாயைப் பற்றி இளையோர் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். சுவிசில் நாய்க்கு வரி கட்டவேண்டும் என்பதே அவர்களுக்கு இன்னும் சிரிப்பு. ஆனால் பேச்சைத் தொடர்ந்தால் சிரிப்பு நின்றுவிடும். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது முற்றத்தில் நின்ற நாயை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டோம் என்பார்கள். கொஞ்சத்தூரம் பின்னாலேயே வந்தது என்பார்கள். அதற்குமேல் சொல்லமாட்டார்கள். அந்த நாய்களுக்குப் படம் இல்லை. பெயர் மட்டும் சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த இதழைப் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ அந்தப் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். பீப்பா ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

கணவாயில் இப்போது மீட்புப் பணிக்கு ஹெலிகொப்டர் வருகிறது. 2005 முதல் மார்ட்டினியில் உள்ள பாரி அறக்கட்டளை இந்த நாய்களை வளர்க்கிறது. அவை முதியோர் இல்லங்களுக்குப் போய் அங்குள்ளவர்களின் மடியில் தலைவைத்துக் கிடக்கின்றன. கோடையில் விடுதிக்கும் கூட்டிப்போகிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு எப்போதும் பாரி என்றே பெயர்.

பேர்ன் எங்கள் ஊரிலிருந்து நொஷாத்தல் வழியாக ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதல். போகிறவர்கள் பீப்பாவைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், அந்தக் கால்களைப் பாருங்கள். அவற்றை யாரும் பெரிதாக்கவில்லை.