ஊர் மாறும் காலம் – 9: ஜனவரியைப் பார்த்து ஊர் தேடலாமா?

பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயில் 1976இல் எழுந்தது. நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு மறு ஆண்டே குடமுழுக்கு நடந்தது. இரண்டுமே பனி கொட்டும் ஊர்கள். அன்று அமெரிக்கா போன நம்மவர்களுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரிதாக இருக்கவில்லை. மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் ஆலையும் எங்கே வேலை தந்தனவோ அங்கே குடியேறினார்கள். இன்று அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. அடுத்த தலைமுறையில் பலருக்கு வீட்டிலிருந்தே வேலை. மற்ற அமெரிக்கர்களைப் போலவே அவர்களும் தெற்கே பார்க்கிறார்கள். அட்லாண்டா அளவுக்கு நெரிசல் வேண்டாம், நல்ல மருத்துவமனை இல்லாத சிற்றூரும் வேண்டாம், குளிர் மட்டும் குறைவாக இருக்க வேண்டும். இப்படித் தேடுபவர்கள் முன் ஹன்ட்ஸ்வில், நாக்ஸ்வில், சட்டனூகா, கிரீன்வில், ஆஷ்வில் என்று சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன. அவற்றை ஒப்பிட உட்கார்ந்ததும் முதலில் எழுதிக்கொள்வது ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையை. மினியாபொலிஸில் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸ், சிகாகோவில் கீழே 4, ஹன்ட்ஸ்வில்லில் மேலே 5 அல்லது 6. இந்த எண்ணை வைத்து ஊரை முடிவு செய்யக் கூடாது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. ஓர் ஊரை அதன் சராசரி நாளை வைத்து அல்ல, அதன் மிக மோசமான வாரத்தை அது எப்படிக் கடக்கிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

தெற்கின் குளிர்காலம் மிதமாக இருப்பதில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து மேலேறி வரும் ஈரமான வெப்பக் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே காற்று வடக்கிலிருந்து இறங்கும் குளிர்க்காற்றோடு மோதும்போது டொர்னேடோ பிறக்க ஏற்ற சூழலும் உருவாகிறது. வசந்த காலத்தோடு அந்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை. 1989 நவம்பர் 15 அன்று மாலை, அலுவலகம் விட்டு வண்டிகள் தெருவை அடைத்திருந்த நேரத்தில், ஹன்ட்ஸ்வில்லைத் தாக்கிய டொர்னேடோ 21 பேரைக் கொன்றது. கென்டக்கியின் மேஃபீல்ட் ஊரைத் தரைமட்டமாக்கியது 2021 டிசம்பர் மாத இரவு ஒன்றில். சராசரி வெப்பநிலையில் இவை எதற்கும் இடமில்லை. குளிரைப் பற்றிக்கூட அந்தச் சராசரி முழுதாகச் சொல்வதில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் குளிர் இறங்கியபோது எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் உறைந்து நின்றன. லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். மினியாபொலிஸில் தண்ணீர்க் குழாயை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைப்பார்கள். டெக்சாஸ் வீடுகளில் அது பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடுகிறது. குளிர் அபூர்வமாக வரும் ஊர், குளிருக்காகக் கட்டப்படுவதில்லை.

ஜனவரிச் சராசரியையும் வீட்டு விலையையும் மட்டும் பார்த்தால், மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனை மேலே சொன்ன எந்த ஊரும் வெல்ல முடியாது. சராசரி 8 டிகிரி, வீடுகளோ மலிவு. 1980இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2020இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சமாகச் சுருங்கியது. வரி கட்டுவோர் குறைந்தார்கள். குழாய்களின் நீளம் குறையவில்லை. 2021 பிப்ரவரிக் குளிரில் குழாய்கள் வெடித்துப் பல வீடுகள் வாரக்கணக்கில் தண்ணீரின்றி இருந்தன. 2022 ஆகஸ்டில் பேர்ல் ஆறு பெருகியபோது, ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த முதன்மைச் சுத்திகரிப்பு நிலையம் நின்றேபோனது. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரின் குடிநீர் நிர்வாகத்தை நீதிமன்றம் நியமித்த ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

ஜாக்சன் ஏழை நகரம், அதனால்தான் அப்படி என்று சொல்லிவிடலாம். ஆஷ்வில்லை அப்படிச் சொல்ல முடியாது. வட கரோலினா மலைகளில், 650 மீட்டர் உயரத்தில், கடலிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் வசதியான ஊர் அது. கோடையும் மிதம், குளிரும் மிதம். பருவநிலை மாற்றத்துக்குத் தப்பி ஒதுங்க ஏற்ற இடம் என்று பலரும் நம்பிய ஊர். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் அங்கே வந்து சேர்ந்தது. ஊரின் தண்ணீரில் பெரும்பகுதி நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. 2004இலும் இதேபோல் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து அங்கிருந்து வரும் பெருங்குழாய்களை உடைத்திருந்தன. அதிலிருந்து பாடம் கற்று, மாற்றுக் குழாய் ஒன்றை 25 அடி ஆழத்தில் புதைத்தார்கள். ஹெலீன் அந்த மண்ணையே அரித்துக் குழாயை அடித்துக்கொண்டு போனது. அணையை மட்டும் 2021க்குள் பலப்படுத்தி முடித்திருந்தார்கள், அது நின்றது. குழாய்களைச் சரிசெய்த பிறகும் வேலை முடியவில்லை. நீர்த்தேக்கம் முழுக்கக் களிமண் கலங்கிக் கிடந்தது. அது படியாமல் வடிகட்ட வழியில்லை. குழாயில் வந்த தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றலாம், குடிக்க முடியாது. குடிக்கத் தகுந்த தண்ணீர் மீண்டும் வர 53 நாள்கள் ஆயின. நடுத்தர நகரம் தேடுபவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெருநகரத்துக்குப் பல நீராதாரங்கள் இருக்கும். இந்த அளவு ஊர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்று அறுந்தால் ஊரே நிற்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. குளிர்தான் அதிகம் கொல்கிறது. 2006 முதல் 2010 வரை வானிலை காரணமாக நேர்ந்த இறப்புகளை அமெரிக்க அரசின் சுகாதாரப் புள்ளியியல் மையம் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 63 சதவீதம் குளிராலும் 31 சதவீதம் வெப்பத்தாலும் நேர்ந்தவை. புயல், வெள்ளம், இடி எல்லாம் சேர்ந்தே 6 சதவீதம்தான். எழுபது வயதில் பனி வாரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதும், வாசல் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் வடக்கில் கண்கூடு. ஆகவே தெற்கே போவது தவறு என்று நான் சொல்லவில்லை. சிகாகோவை விட்டுப் புறப்பட்டதுமே அந்த நன்மையில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு ஆஷ்வில்லின் 4 டிகிரிக்கும் ஜாக்சனின் 8 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு ஒரு ஸ்வெட்டரோடு தீர்ந்துபோகும். தெற்குக்குப் போகலாமா என்ற கேள்விக்கு ஜனவரி பதில் சொல்லும். தெற்கில் எந்த ஊர் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

இத்தனை லட்சம் பேர் போகிறார்களே, எல்லாருமா தவறாகக் கணக்கிட்டார்கள் என்றும் கேட்கலாம். அவர்கள் போவது வெயிலைத் தேடி மட்டும் அல்ல. ஹார்வர்டின் பொருளியலாளர் எட்வர்ட் கிளேசர், கிறிஸ்டினா டோபியோவோடு சேர்ந்து செய்த ஆய்வு, தெற்கின் வளர்ச்சிக்கு வெயிலின் ஈர்ப்பைவிட உற்பத்தித் திறன் உயர்ந்ததும் வீடுகள் தாராளமாகக் கட்டப்பட்டதும் முக்கியக் காரணங்கள் என்று காட்டியது. கூட்டம் போகும் திசையைப் பார்த்தால் வீடு எங்கே மலிவு என்று தெரியும். தண்ணீர்க் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது.

வெயில் நமக்குப் புதிதா என்பது நம்மவர்கள் எழுப்பும் கேள்வி. மதுரையில் வளர்ந்தவருக்கு ஹன்ட்ஸ்வில்லின் 33 டிகிரி ஜூலை ஒன்றுமே இல்லைதான். ஆனால் மதுரை வீட்டில் சன்னலும் மொட்டைமாடியும் மின்விசிறியும் உண்டு. ஹன்ட்ஸ்வில்லின் புதிய வீடு ஏசியை நம்பி இறுக மூடிக் கட்டப்பட்டது. மின்சாரம் போனால் எதிரும் புதிருமாகத் திறக்கச் சன்னல் இருக்காது. எனவே வெயில் எவ்வளவு என்பதைவிட, மின்சாரம் போனால் எத்தனை மணி நேரத்தில் திரும்புகிறது என்பதே அங்கே பொருட்படுத்த வேண்டியது.

அதை ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிக் கண்டுபிடிக்கும்? முடியும் என்பதற்குச் சட்டனூகா சான்று. அங்கே மின்விநியோகம் நகரத்துக்கே சொந்தமான இபிபி நிறுவனத்தின் கையில். ஒபாமா காலத்து ஊக்கநிதியில் 11 கோடி டாலருக்கு மேல் பெற்று, கண்ணாடியிழைக் கம்பிகளோடு தானியங்கி மின்சுவிட்சுகளையும் அது பொருத்தியது. கம்பியில் மரம் விழுந்தால் அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிட்டு, மற்ற வீடுகளுக்கு வேறு வழியாக மின்சாரம் போகும். 2010இல் வந்த அதன் அதிவேக இணையம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. குடியேறப் போகிறவருக்கு அந்தச் சுவிட்சுகள் அதைவிடப் பெரிய செய்தி. குறையில்லாத ஊர் அல்ல அது. 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களில், இபிபிக்கு மின்சாரம் தரும் கூட்டாட்சி அரசு நிறுவனமான டிவிஏ தன் வரலாற்றிலேயே முதல்முறையாகச் சுழற்சி மின்வெட்டுக்கு உத்தரவிட்டபோது, சட்டனூகாவும் அதில் மாட்டியது. ஆனாலும் கெட்ட நாளுக்காகப் பணம் செலவழித்த ஊர் எது என்பது பொதுப் பதிவுகளில் இருக்கிறது. நகரமன்றக் கூட்டக் குறிப்புகள், குடிநீர்த் துறையின் ஆண்டறிக்கை, கூட்டாட்சி அரசின் வெள்ள வரைபடம் எல்லாமே இலவசம். ஊரைப் பார்க்கப் போவதாக இருந்தால் ஜனவரியில் போகாமல் ஆகஸ்டில் போங்கள். பிடித்த வீட்டுக்கு விலை பேசும் முன்பே காப்பீட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். அரசுத் திட்டத்தின் வெள்ளப் பாலிசி, வீட்டுக் கடனோடு சேர்த்து எடுப்பது போன்ற சில சூழல்கள் நீங்கலாக, எடுத்த 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பிவிட்டது என்று தொலைக்காட்சியில் பார்த்த பிறகு அதை வாங்கிப் பயன் இல்லை.