மேட்டில் மட்டும் திணறும் டிரக்

சமதரையில் ஒழுங்காக ஓடும் பழைய பெட்ரோல் டிரக், பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் குலுங்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறையும். உடனே பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகித்துச் செலவு செய்பவர்கள் பலர். முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க் பிளக்கின் நுனியில் உள்ள ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத்தான்.

நம் ஊர் டீசல் லாரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அழுத்தத்தில் சூடேறும் காற்றே டீசலைப் பற்றவைத்துவிடுவதால் அவற்றுக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்படுவதில்லை. அமெரிக்காவின் பிக்கப் டிரக்குகளோ பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். 1965 மாடல் தொடங்கி 1996 வரை ஃபோர்டு தன் டிரக்குகளில் பொருத்திய 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் உழைப்புக்குப் பேர்போனது. சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்பதால் பிளக்குகளைக் கையால் எட்டுவதும் எளிது. அதன் 90களின் மாடலையே எடுத்துக்கொள்வோம்.

பேட்டரி தருவது 12 வோல்ட். அதை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் ரோட்டர் அந்த மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பங்கிடுகிறது. அது பிளக்கின் இடைவெளியைத் தாண்டும்போது பொறி பிறக்கிறது. எவ்வளவு வோல்ட் இருந்தால் தாண்டும்? 1889இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷென் இதற்கு விடை கண்டார். இடைவெளியின் தூரத்தையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் அளவே தேவையான வோல்ட்டைத் தீர்மானிக்கிறது. பிளக் வேலை செய்யும் நிலையில், இரண்டில் எது கூடினாலும் தேவை கூடும்.

மேட்டில் நடப்பது இதுதான். சமதரையில் ஆக்சிலேட்டர் பாதி திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் புகும் காற்று குறைவு. மேட்டில் முழுதாகத் திறந்ததும் காற்று நிறையப் புகுந்து, அமுக்கப்பட்டு, அடர்த்தி பல மடங்காகிறது. காயில் தரக்கூடியதை விடப் பொறிக்குத் தேவையான வோல்ட் உயர்ந்துவிட்டால் அந்தச் சிலிண்டர் பற்றாமலே போகும். மெக்கானிக்குகள் ‘மிஸ் ஆகுது’ என்று சொல்வது இதைத்தான்.

பிளக் தேயத் தேய இந்த நெருக்கடி முற்றுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் 1000 முறை பொறி விடும். 500 மணி நேர ஓட்டத்தில் அது 3 கோடி ஆகிவிடும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தைத் துளித்துளியாக அரிக்கிறது. இடைவெளி அகல்கிறது, மின்முனையின் கூரான விளிம்பும் மழுங்குகிறது. மின்புலம் குவிவது கூரான விளிம்பில்தான் என்பதால், மழுங்கிய முனைக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும்.

ஆகவே டியூன்-அப் என்பது பொறியின் தேவையைக் குறைப்பதும், வரும் மின்சாரம் வழியில் கசியாமல் காப்பதும்தான். புதுப் பிளக் முதல் வேலையைச் செய்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, ரோட்டர், பிளக் வயர் ஆகியவற்றை மாற்றுவது இரண்டாவது வேலை. மூடியில் மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் ஈர நாளில் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும். இருட்டில் பானட்டைத் திறந்து வைத்து, ஓடும் இன்ஜினைத் தொடாமல் பார்த்தால், கசியும் வயரில் நீலப் பொறி பளிச்சிடுவது தெரியும்.

வேலையை இன்ஜின் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து நீக்காவிட்டால், கழற்றும்போது அது சிலிண்டருக்குள் விழும். வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் ரப்பர் உறையைத் திருகி எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே சிலிண்டர் என்பது கட்டாயம். இந்த இன்ஜின் பற்றும் வரிசை 1-5-3-6-2-4. வயர்கள் இடம் மாறினால் வண்டி தாறுமாறாக உதறும், அல்லது கிளம்பவே கிளம்பாது. புதுப் பிளக்கின் இடைவெளியையும் அளந்தே போட வேண்டும். இந்த இன்ஜினுக்கு அது சுமார் 1.1 மில்லிமீட்டர். மரையை முதலில் கையால் ஏற்றி, பிறகு டார்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

ஒரு வண்டியின் முறை இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. இதே ஃபோர்டின் 2004க்குப் பிந்தைய சில 5.4 லிட்டர் இன்ஜின்களில் பிளக்கின் அடிப்பகுதி கரியால் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது முறிந்து உள்ளேயே தங்கிவிடும். வண்டிக்குரிய கையேட்டைப் படித்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பிளக்கை மாற்றியதும் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். பெட்ரோல் எரிந்து முடியச் சற்று நேரம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். இந்த இன்ஜினில் அடிப்படை அளவு 10 டிகிரி. கம்ப்யூட்டர் அதைத் தானே மாற்றிக்கொள்ளாதபடி, அதற்கென உள்ள சிறு இணைப்பைக் கழற்றிவிட்டு டைமிங் லைட்டால் பார்க்க வேண்டும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிறது, அல்லது பொறி வலுவிழந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. ஆறும் ஒன்றுபோல் இருந்தால் கோளாறு எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானது. ஒன்று மட்டும் மாறுபட்டால் அந்தச் சிலிண்டரைச் சோதிக்க வேண்டும்.

மிஸ் ஆவதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது பெருநஷ்டம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும்; பிளக்குகளைவிடப் பல மடங்கு விலை கொண்ட பாகம் அது. டியூன்-அப்புக்குப் பிறகும் மேட்டில் திணறினால் அடுத்து கம்ப்ரஷன் சோதனை செய்ய வேண்டும். டியூன்-அப்பில் காயிலை மாற்றவில்லை என்பதால் பொறியில் குறையில்லை என்று உறுதியாகிவிடாது; காயிலையும் பெட்ரோல் வரத்தையும் கூடச் சோதிக்க வேண்டும்.