மணலி டு மணாலி: பனிச்சறுக்கு ஆசைக்கு எவ்ளோ ஆகும்? கடன் வாங்காம போய்ட்டு வர ஒரு பிளான்



நம்ம வடசென்னையில ஒரு மணலி இருக்கு: ரிஃபைனரி, உரக் கம்பெனி, வரிசையா கன்டெய்னர் லாரி. இமாச்சலப் பிரதேசத்துல ஒரு மணாலி இருக்கு: தேவதாரு மரம், பனி, பனிச்சறுக்கு. எழுத்துல ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். ஆனா திருவொற்றியூர்லயோ எண்ணூர்லயோ ஷிப்ட் பாக்கற ஒருத்தர் "ஒரு தடவையாவது பனியில நடக்கணும்"னு சொன்னா, வீட்ல வர்ற முதல் கேள்வி "அதுக்கெல்லாம் காசு எங்க இருக்கு?"

நியாயமான கேள்விதான். அதுக்குப் பதிலைக் கணக்காவே போட்டுப் பார்க்கலாம்.

முதல்ல, என்ன பண்ணப் போறீங்க?

பனியில மூணு விதமா இறங்கலாம். எதைத் தேர்ந்தெடுக்கறீங்களோ, செலவும் அதைப் பொறுத்து மாறும்.

பனிக்காலணி நடை (ஸ்னோ ஷூயிங்): மெரினா மணல்ல நடந்தா கால் புதையும்ல, புதுப் பனியில அதைவிட ஆழமா புதையும். ஷூவுக்கு அடியில அகலமான சட்டத்தை மாட்டிக்கிட்டா உடம்போட எடை பரவிடும், கால் உள்ள போகாது. நடக்கத் தெரிஞ்சா போதும், கொஞ்ச நேரத்துல பழகிடும்.

கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்: ஒல்லியான, லேசான பலகை. ஷூவோட முன்பக்கம் மட்டும் பலகையோட மாட்டியிருக்கும், குதிகால் தூக்க வரும். சமதளத்துலயும் சின்ன மேட்டுலயும் உந்தி உந்திப் போகணும். நல்லா மூச்சு வாங்கும்.

ஆல்பைன் ஸ்கீயிங்: குதிகாலும் பலகையோட இறுகியிருக்கும். சரிவுல மேல இருந்து கீழ சறுக்கறது. ரீல்ஸ்ல நீங்க பாக்கறது பெரும்பாலும் இதுதான்.

காசு கணக்குல முக்கியமான இடம் இதுதான். ஆல்பைனுக்கு ஒவ்வொரு தடவையும் மேல ஏறணும், லிஃப்ட்டோ ரோப் காரோ இருந்தா அதுக்கு டிக்கெட். மத்த ரெண்டுக்கும் அது தேவையில்ல. ஆனா நம்ம நாட்டுல சுற்றுலா இடங்கள்ல அதிகம் கிடைக்கறது ஆல்பைன்தான். அதனால "கிராஸ் கன்ட்ரி செட் இருக்கா, ஸ்னோ ஷூ இருக்கா"ன்னு போன்லயே கேட்டுட்டு அட்வான்ஸ் அனுப்புங்க.

"இதெல்லாம் மலையில பொறந்தவங்களுக்கு"ன்னு நினைச்சா, பவானியைப் பாருங்க. பனியே விழாத குடகுல இருந்து போய், கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுல கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்ல கர்நாடகாவுக்குத் தங்கம் ஜெயிச்சவங்க.

எத்தனை நாள் லீவு?

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஞாயிறு காலையில டெல்லி. சாயங்காலம் பஸ் ஏறினா திங்கள் காலையில மணாலி. வெள்ளி சாயங்காலம் அங்கிருந்து கிளம்பினா, சனி ராத்திரி ரயில், திங்கள் காலையில சென்ட்ரல். அஞ்சு வேலை நாள் லீவு போதும். சனிக்கிழமையும் வேலைன்னா ஏழு.

ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். அன்னைக்கே போட்டுடுங்க.

கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க இன்னொன்னு கவனிக்கணும். லீவுக்குச் சம்பளம் இல்லன்னா அதுவும் பயணச் செலவுதான். மாசம் 24,000 சம்பளம்னா ஒரு நாளைக்கு 800. அஞ்சு நாளைக்கு 4,000 ரூபா. இதைப் பட்ஜெட்ல சேர்க்காம விட்டா, அடுத்த மாச வாடகையில இடிக்கும்.

மாதிரி பட்ஜெட் (ஒருத்தருக்கு)

• ரயில், மூணாம் ஏ.சி., போக வர: 4,500
• டெல்லி–மணாலி பஸ், போக வர: 3,000
• நாலு ராத்திரி ரூம், ஷேரிங்: 4,000
• சாப்பாடு: 4,000
• மூணு நாள் பயிற்சி, உபகரண வாடகை: 9,000
• குளிர் உடை, கையுறை: 4,000
• உள்ளூர் வண்டி: 3,000
• கையிருப்பு: 3,500
• மொத்தம்: 35,000 ரூபா

இது உத்தேசக் கணக்கு. சீசனுக்கு ஏத்த மாதிரி மாறும், நீங்க விசாரிச்சு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. மணாலியில இருந்து சோலாங் போற வழியில கோட்டு, பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு தடவை போறதுக்கு விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்க வேண்டாம்.

இன்னும் அதிக நாள் லீவு கிடைக்கறவங்க, மணாலியில இருக்கற அடல் பிஹாரி வாஜ்பாயி மலையேற்ற நிறுவனத்தோட அடிப்படை ஸ்கீ கோர்ஸையும் விசாரிங்க. அரசு நிறுவனம், முறையா கத்துக்கலாம்.

இந்த 35,000 எங்க இருந்து வரணும்?

1. ஆர்.டி.: 6.5% வட்டின்னு வெச்சா மாசம் 2,820 போட்டு, 12 மாசத்துல 35,000 வந்துடும். உங்க கையில இருந்து போறது 33,840.

2. பர்சனல் லோன்: 16% வட்டி, 24 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 1,714. மொத்தம் கட்டறது 41,100க்கு மேல. பிராசசிங் ஃபீஸ் தனி.

3. கிரெடிட் கார்டு: மினிமம் ட்யூ மட்டும் கட்டினா, மாசம் 3.5% வட்டியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து முதல் மாசமே 1,400 ரூபாக்கு மேல போகும்.

ஒரே பயணம். ஆர்.டி.க்கும் லோனுக்கும் 7,000 ரூபா வித்தியாசம். லோன்ல போனா, பனி உருகினதுக்கு அப்புறமும் ரெண்டு வருஷம் இ.எம்.ஐ. ஓடும்.

சம்பளத்துல எல்.டி.ஏ. இருந்தா அதையும் பாருங்க. நாலு வருஷ பிளாக்ல ரெண்டு உள்நாட்டுப் பயணத்துக்கு வரிவிலக்கு உண்டு. இப்போ 2026–2029 பிளாக். டிக்கெட் செலவுக்கு மட்டும்தான், ரூமுக்கும் ஸ்கீயிங்குக்கும் கிடையாது. பழைய வரி முறையில இருக்கணும்.

தொடக்கூடாத பணம்

டிசம்பர் 2023, மிக்ஜாம் புயல். எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தது. பீரோ, மெத்தை, வண்டி எல்லாம் போச்சு. அந்த நேரத்துல கையில மூணு மாசச் செலவுக்குப் பணம் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு நம்ம ஏரியாவுல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. அவசர நிதி தனி, பனி நிதி தனி. முதலாவது நிறையலைன்னா பயணத்தை ஒரு வருஷம் தள்ளுங்க.

அதனாலதான் தேதியும் ஜனவரி கடைசி, இல்லன்னா பிப்ரவரின்னு வெச்சுக்கச் சொல்றேன். நம்ம மழை, புயல் சீசன் முடிஞ்சிருக்கும், நியூ இயர் ரூம் வாடகையும் இறங்கியிருக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு செக்

பனி: விழும்னு கேரன்டி இல்ல. 2025ல பனி பத்தாம குல்மார்க் கேலோ இந்தியா போட்டியையே மார்ச்சுக்குத் தள்ளினாங்க. கேன்சல் பண்ண முடியற ரூமையே புக் பண்ணுங்க. சோலாங்ல பனி இல்லன்னா, 9.02 கி.மீ. அடல் டனல் தாண்டி சிஸ்ஸு பக்கம் விசாரிங்க. கைடு இல்லாம எங்கயும் தனியா நடக்காதீங்க.

இன்சூரன்ஸ்: கம்பெனி பாலிசியில சாகச விளையாட்டு விலக்குன்னு ஒரு பகுதி இருக்கும். அது தொழில்முறையா ஆடறவங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமான்னு ஹெச்.ஆர்.கிட்ட மெயில்ல கேட்டு வாங்கிக்கோங்க. பயண பாலிசி எடுத்தா, ஸ்கீயிங் கவர் ஆகுதான்னு பார்த்துட்டுக் காசு கட்டுங்க.

இந்தச் சம்பளம் வந்ததும் ஆர்.டி.யைத் திறங்க, பேர் "மணாலி"ன்னு வைங்க. உங்க சம்பளத்துக்கு மாசம் 2,820 முடியுமா, இல்ல 18 மாசமா நீட்டணுமா? கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்து கணக்குப் போடுவோம்.