தக்காளிச் செடிக்குத் துணைக் கம்பு

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வித்துரா. இங்கே மழைக்குக் குறைவில்லை. ஜூன் மாதம் ஒரு மழை. ஐப்பசியில் இடியோடு இன்னொரு மழை. வீட்டுக் கொல்லையில் நட்ட தக்காளி நன்றாகவே காய்க்கிறது. ஆனால் காய்த்ததெல்லாம் குழம்புக்கு வந்து சேர்வதில்லை. ஏன்?

தக்காளித் தண்டு மெல்லியது. காய் பிடித்ததும் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஈர மண்ணில் கிடக்கும் காய் அழுகும். நத்தையும் பூச்சியும் தின்னும். மழைத்துளி விழும்போது சேறு தெறிக்கும். சேற்றோடு நோய்க்கிருமிகளும் இலையில் ஒட்டிக்கொள்ளும்.

2023 ஜூலை மாதம் பல ஊர்களில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுத் தக்காளி மண்ணில் அழுகினால் யாருக்கு நஷ்டம்? நமக்குத்தானே!

இடம் விட்டு நடுங்கள்

செடிக்குச் செடி 2 அடி இடம் வேண்டும். வரிசைக்கு வரிசையும் 2 அடி. அளவுகோல் இல்லையா? ஒரு முழமும் ஒரு சாணும் அளந்து நடலாம். அது 2 அடிக்குச் சற்றுக் கூடுதல். அதனால் கெடுதல் இல்லை.

"இடம் வீணாகிறதே" என்று சிலர் நெருக்கி நடுகிறார்கள். நெருக்கி நட்டால் வெயிலும் காற்றும் உள்ளே போகாது. மழை நின்ற பிறகும் இலை காயாது. ஈர இலையில் நோய் எளிதில் பரவும். பையில் வளர்த்தால் ஒரு பைக்கு ஒரு செடி போதும்.

கம்பு நடுங்கள்

நாற்று நட்ட சில நாளிலேயே கம்பு ஊன்ற வேண்டும். செடி வளர்ந்த பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். கம்பு 5 அடி நீளம் இருக்கட்டும். அதில் 1 அடி மண்ணுக்குள் போகட்டும். செடியிலிருந்து அரைச் சாண் தள்ளி ஊன்றுங்கள். மூங்கில் நல்லது. சீமைக்கொன்றைக் கம்பு என்றால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சைக் கம்பு வேர் விட்டுத் துளிர்த்துவிடும்.

எப்படிக் கட்டுவது?

கிழிந்த சேலைத் துண்டோ வாழைநாரோ போதும். கம்பி வேண்டாம், தண்டை அறுத்துவிடும். 8 என்ற எண்ணைப் போலக் கட்டுங்கள். 8-இல் இரண்டு வட்டம் உண்டல்லவா? ஒரு வட்டத்துக்குள் கம்பு. மறு வட்டத்துக்குள் தண்டு. தண்டு பருக்கும், ஆகவே விரல் நுழையும் அளவு இளக்கம் வேண்டும். செடி ஒரு சாண் வளரும்போதெல்லாம் இன்னொரு கட்டுப் போடுங்கள். மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

வாடல் நோய்

பச்சையாக நின்ற செடி திடீரென்று வாடுகிறதா? அது கம்பு நட்டுத் தீராது. அடித்தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் உடனே தக்காளி, கத்தரி, மிளகாய் நடாதீர்கள். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த சக்தி, முக்தி, அனகா ஆகிய ரகங்கள் இந்நோயைத் தாங்கும். விதைக்கு உங்கள் பஞ்சாயத்தின் கிருஷி பவனில் கேளுங்கள்.

கணக்கிடுங்கள்

10 அடி நீளப் பாத்தியில், ஒரு வரிசைக்கு 5 செடி நடலாம். உங்கள் பாத்தி எத்தனை அடி? எத்தனை செடி? எத்தனை கம்பு? எழுதிப் பாருங்கள்.