மெட்டல் டிடெக்டர் வாங்கினால் புதையல் கிடைக்குமா? கருவி சொல்வதும் சட்டம் சொல்வதும்

2025 மார்ச் மாதம். மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர் மாவட்டத்தில், ஆசீர்கர் கோட்டையை ஒட்டிய வயல்களில் இரவு நேரத்தில் கிராமத்து மக்கள் கூட்டமாகக் குவிந்து மண்ணைத் தோண்டினார்கள். செல்போன் டார்ச், மண்வெட்டி, சல்லடை, சிலர் கையில் மெட்டல் டிடெக்டர். நெடுஞ்சாலைப் பணிக்காகக் கோட்டைப் பக்கம் தோண்டிய மண் அந்த வயல்களில் கொட்டப்பட்டிருந்தது. அதில் முகலாயர் காலத் தங்க நாணயம் கிடைத்ததாக ஒரு பேச்சு. போதாக்குறைக்கு, புர்ஹான்பூரை முகலாயரின் செல்வம் குவிந்த ஊராகக் காட்டிய 'சாவா' இந்திப் படம் அப்போதுதான் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அது வெறும் சினிமா கதை என்றும் ஒதுக்கிவிட முடியாது. 1601-ல் அக்பர் பிடித்த கோட்டை அது. புர்ஹான்பூரில் முகலாயர் நாணயச் சாலையே இருந்தது. அதனால் அந்த மண்ணில் பழைய காசு கிடைப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் முதல்முறையாக டிடெக்டர் வாங்கும் ஒருவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அந்தக் கருவி உண்மையில் என்ன சொல்கிறது? இரண்டு, அது சொன்ன இடத்தைத் தோண்டினால் என்ன ஆகும்?

'பீப்' சத்தம் எப்படி வருகிறது?

தொடக்க நிலையில் இருப்பவர்கள் வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே முறையில் வேலை செய்பவை. கம்பின் அடியில் தட்டு மாதிரி இருப்பதற்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும்; அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கும். அந்தப் பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்து, இது இரும்பா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது.

ஊகம் என்று சொல்வதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். திரையில் வரும் எண் உலோகத்தின் பெயர் கிடையாது. பொருளின் அளவு, தடிமன், மண்ணுக்குள் அது கிடக்கும் கோணம் எல்லாமே அந்த எண்ணை மாற்றும். மெல்லிய தங்க மோதிரம் காட்டும் எண்ணையே மாத்திரை அட்டையின் அலுமினியத்தாளும் காட்டலாம், குளிர்பான கேனின் மூடியும் காட்டலாம். 'குப்பை எதுவும் வேண்டாம்' என்று செட்டிங்கில் அந்த எண்களை அடைத்துவிட்டால், தங்கத்தையும் சேர்த்து அடைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொரு வேடிக்கை. இப்போது நாம் புழங்கும் 1, 2 ரூபாய் நாணயங்கள் இரும்பும் குரோமியமும் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்தில் ஒட்டும். இரும்பை ஒதுக்கும் செட்டிங்கை வைத்தால் இவற்றையும் ஆணியோடு சேர்த்து ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகுபவர்கள் பலர் முதல் நாளே குழம்புவது இங்கேதான்.

ஆழத்தையும் சொல்லிவிடுகிறேன். நாணயம் அளவுள்ள பொருள் என்றால் ஒரு சாணிலிருந்து, அதாவது 20 சென்டிமீட்டரிலிருந்து, கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். அவ்வளவுதான். '10 அடி ஆழத்துத் தங்கத்தைக் காட்டும்' என்று விளம்பரம் வந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணே ஏமாற்றும்

புர்ஹான்பூர் பகுதி தக்காணத்து எரிமலைப் பாறை உடைந்து உருவான கரிசல் நிலம். அந்தப் பாறையில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது உண்டு. அதனால் நாணயமே இல்லாத இடத்திலும் கருவி கத்தும். இருக்கிற இடத்தில் மௌனமாகவும் இருக்கும். இதைச் சரிக்கட்டத்தான் 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்ற வசதி. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை மேலும் கீழும் சில தடவை அசைத்து, 'இந்த மண்ணின் சத்தத்தைக் கணக்கில் எடுக்காதே' என்று கருவிக்குப் பழக்க வேண்டும். கூட்டத்தோடு இருட்டில் நிற்பவர் இதையெல்லாம் எங்கே செய்வார்? பக்கத்திலேயே நாலு மண்வெட்டி, நாலு செல்போன் வேறு. அவையும் கருவியைக் குழப்பும்.

எங்கே, எப்படிப் பழகுவது?

ஹரியானாவில் ஒரு நண்பரின் பண்ணையில், இரவல் வாங்கிய கருவியோடு நானும் முயன்று பார்த்தேன். இரண்டு மணி நேர வேட்டையில் கிடைத்தவை: துருப்பிடித்த ஆணிகள், சோடா மூடி, டிராக்டர் போல்ட் ஒன்று. முதல் அரை மணி நேரம் என் ஷூவில் இருந்த இரும்புக்கே கருவி கத்திக்கொண்டிருந்தது!

நான் செய்திருக்க வேண்டியது வேறு. உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே ஆணி, 1 ரூபாய், பழைய 10 பைசா, செம்பு வளையம், சுருட்டிய அலுமினியத்தாள் எல்லாவற்றையும் இடைவெளி விட்டுப் புதைத்து, எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். காயிலைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வைத்து மெதுவாக வீசுங்கள். ஊஞ்சல் மாதிரி இரண்டு முனையிலும் தூக்கக் கூடாது. ஒரு வீச்சு முந்தைய வீச்சின் மேல் பாதி விழ வேண்டும். சத்தம் வந்தால் 90 டிகிரி திரும்பி மறுபடி வீசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் தோண்டலாம். எண் தாவினால் பெரும்பாலும் இரும்புக் குப்பை. ஒரு வாரம் இதைச் செய்தால், திரையைப் பார்க்காமலே காது சொல்ல ஆரம்பிக்கும்.

தோண்டினால் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் சிக்கல். பிரிட்டனில் நில உரிமையாளரின் அனுமதியோடு தேடுவது பிரபலமான பொழுதுபோக்கு; கிடைப்பதைப் பதிவு செய்ய அரசு ஆதரவுடன் தனித் திட்டமே உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. நம்மிடம் இருப்பது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம்.

அதன்படி, மண்ணில் மறைந்திருந்த மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான். 1878-ன் பத்து ரூபாய் அப்படியே நிற்கிறது. பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது காட்டுவதாகப் பிணை தர வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். (கேரளாவில் 1968 முதல் தனிச் சட்டம் இருக்கிறது.)

பலருக்கும் தெரியாத பகுதி இனிமேல்தான். ஒழுங்காகத் தெரிவித்தவருக்கு இந்தச் சட்டம் பங்கும் தருகிறது. புதையலுக்கு உரிமையாளர் இல்லை என்று முடிவாகி, நில உரிமையாளர் மட்டும் உரிமை கோரினால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துத் தர வேண்டும். என் பார்வையில், ஒரு நாணயத்தின் வரலாற்று மதிப்பை உலோக விலையில் அளக்கும் இந்தக் கணக்குதான் ஆட்களை நகைக்கடைப் பக்கம் தள்ளுகிறது.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றால் கதையே வேறு. அங்கே அனுமதி இல்லாமல் தோண்டுவதற்கு 1958-ம் ஆண்டுச் சட்டம் இடம் தராது.

காசு கிடைத்தாலும் தொலைவது எது?

ஒரு பானையில் நாணயங்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஆகக் கடைசியாக அச்சிட்டது எது என்று பார்த்தால், அதற்கு முன்னால் பானையைப் புதைத்திருக்க முடியாது என்று தெரிந்துவிடும். கூடவே கிடைக்கும் ஓடு, சாம்பல், தரை எல்லாம் சேர்ந்தால் புதைத்தவர் யார், ஏன் புதைத்தார் என்று ஊகிக்கலாம். பானை உடைந்து, ஆளுக்கொன்றாகக் காசு பிரிந்து போய்விட்டால் மிஞ்சுவது எடைதான்.

உங்கள் நிலத்திலோ, அனுமதி வாங்கிய நிலத்திலோ பழைய காசு தட்டுப்பட்டால் மேற்கொண்டு தோண்டாதீர்கள். கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். புளி போட்டு விளக்கினால் எழுத்து போய்விடும். இருந்த இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். செல்போனில் இடக் குறியீட்டைச் சேமியுங்கள். பிறகு என்ன கிடைத்தது, தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்ற நான்கையும் மனுவில் எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.