சாரிசார்ட் எங்கே போனது?

ஷா ஆலம் செக்‌ஷன் 24-இல் என் அண்ணன் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வரவேற்பறைத் தரை முழுக்கப் போக்கிமான் கார்டுகள்தாம். போன வாரம் அங்கே ஒரு துப்பறியும் வேலையைப் பார்த்தேன்.

அண்ணன் மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய கார்டுக் கட்டில் 60 கார்டு. அதில் சாரிசார்ட் என்ற போக்கிமான் ஒன்றே ஒன்று. அதைத் தேடிக் கட்டை விசிறிபோல விரித்தான். உதடுகள் அசைய எண்ணினான். கையிலும் இல்லை, கட்டிலும் இல்லை. "பிரைஸ்ல மாட்டிக்கிச்சு, அத்தை" என்றான், அடித்துச் சொல்வதுபோல.

குப்புறக் கிடக்கும் கார்டு அவனுக்கு எப்படித் தெரிந்தது?

ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் 7 கார்டைக் கையில் எடுப்பார்கள். 6 கார்டைப் பார்க்காமலே குப்புற ஒதுக்குவார்கள். அவைதாம் பிரைஸ் கார்டுகள். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால்தான் அவற்றிலிருந்து எடுக்கலாம். மிச்சம் 47 கட்டிலேயே இருக்கும். தன் 60 கார்டும் அவனுக்கு மனப்பாடம். கண்ணில் பட்டதையெல்லாம் கழித்தான். படாத ஆறும் பிரைஸில்தானே இருக்க வேண்டும்! பார்க்க முடியாததைக் கழித்தல் கணக்கால் கண்டுபிடித்த அந்த நொடி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிரைஸில் சிக்குவது மட்டுமல்ல, கார்டு ஆட்டத்தைவிட்டு விலகுவதிலும் வகைகள் உண்டு. பயன்படுத்தி முடித்த கார்டு டிஸ்கார்டு குவியலுக்குப் போகும்; வேறு கார்டின் உதவியால் அது திரும்பி வரலாம். லாஸ்ட் ஸோன் என்ற இடத்துக்குப் போனதோ அந்த ஆட்டம் முடியும்வரை வராது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தில், 'ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டது' என்று ஒரு விதி இருந்தது. பிறகு, நீக்கியதையே திரும்ப அழைக்கும் கார்டுகள் வந்துவிட்டன. பெயர் பொருந்தவில்லை. அதனால் 2009-இல் அதை 'நாடுகடத்தல்' என்று மாற்றினார்கள். நாடு கடத்தப்பட்டவர் ஒருநாள் ஊர் திரும்பலாம் இல்லையா?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரே ஒரு சாரிசார்ட் பிரைஸில் சிக்க 60-இல் 6, அதாவது பத்தில் ஒரு வாய்ப்பு. (முதல் கையில் அடிப்படைப் போக்கிமான் இல்லாவிட்டால் மறுபடி கலைக்க வேண்டும் என்ற விதியால் இது கொஞ்சம் மாறும்.) கட்டில் நான்கு சாரிசார்ட் இருந்தால்? நான்குமே சிக்குமா?

முதல் சாரிசார்டுக்கு 60 இடங்கள். அவற்றில் 6 பிரைஸ் இடங்கள். அது ஒன்றைப் பிடித்துவிட்டால் இரண்டாவதுக்கு மிச்சம் 59 இடங்கள், அவற்றில் 5 மட்டுமே பிரைஸ். மூன்றாவதுக்கு 58-இல் 4. நான்காவதுக்கு 57-இல் 3. இந்த நான்கு பின்னங்களையும் பெருக்குங்கள்: 32,509-இல் ஒன்று! பிடித்த இடத்தை ஒவ்வொரு முறையும் காலியாக்கிக்கொண்டே போனால் நான்கு முறையும் பத்தில் ஒன்றுதான். பெருக்கினால் 10,000-இல் ஒன்று. ஆக, பிடித்த இடம் பிடித்ததுதான் என்ற ஒரே விதி அந்தத் துரதிர்ஷ்டத்தை மூன்று மடங்குக்கு மேல் அரிதாக்கிவிடுகிறது.

நீங்களும் செய்து பாருங்கள். கார்டு வாங்கக் காசு வேண்டாம். பழைய நோட்டுத் தாளில் ஒரே அளவாக 60 துண்டு வெட்டுங்கள். ஒன்றில் மட்டும் நட்சத்திரம் போடுங்கள். நன்றாகக் கலைத்து 6 துண்டை ஒதுக்கி, நட்சத்திரம் அதில் சிக்கியதா என்று குறித்துவையுங்கள். நூறு முறை செய்யுங்கள். சரியாகப் பத்து வராமல் ஏழோ பதின்மூன்றோ வந்தாலும் கணக்குத் தப்பில்லை. அடுத்த நூறையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.